சாய்ஸில் விட்டது

2013 மே கடைசியில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எனக்குக் கணக்கில் 89. அப்பா வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். சந்தோஷம் அடங்கியதும் கணக்குப் போட ஆரம்பித்தார். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டு வருஷம், இன்ஜினியரிங் நாலு வருஷம், மொத்தம் ஆறு. பாலிடெக்னிக் மூணு வருஷம், முடித்தால் நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், அங்கே மூணு. அதுவும் ஆறு.

“ரெண்டும் ஒரே தூரந்தாம்ப்பா. ஆனா இந்த ரூட்ல நடுவுல ஒரு ஸ்டாப்பிங் இருக்கு. முடியலைன்னா அங்கயே இறங்கிக்கலாம்” என்றார் மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த மாமா. அவருடைய மூத்த மகன் அப்படி இறங்கியவன்தான். டிப்ளமோவோடு ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் எனக்குப் பின்னால் ஒரு தங்கச்சி. நடுவில் ஒரு ஸ்டாப்பிங் இருப்பது அப்பாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தேன்.

முதல் வருஷம் எல்லாப் பிரிவுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடங்கள்தான். இங்கிலீஷ், கணக்கு, இயற்பியல், வேதியியல், டிராயிங், ஒர்க்‌ஷாப். லேத் எப்போது தொடுவோம் என்று காத்திருந்த எங்களுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் மிச்சம் மாதிரி தெரிந்தது. சீனியர்கள் அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்கள். “ஃபர்ஸ்ட் இயர் மேக்ஸ எந்தக் கம்பெனிக்காரன்டா கேக்கப்போறான்? தாண்டிட்டு வா.” தாண்டுவதற்கு வழியும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வழிக்குப் பெயர் சாய்ஸில் விடுவது.

தமிழ்நாட்டில் பரீட்சை எழுதிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வினாத்தாளில் எழுத வேண்டியதைவிட அதிகமாகக் கேள்விகள் இருக்கும். எந்த யூனிட்டை மொத்தமாகக் கைவிட்டாலும் தப்பிக்கலாம் என்று பழைய வினாத்தாள்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது. டிப்ளமோவில் பாஸ் மார்க் 40. மூன்று யூனிட்டை உருப்போட்டு, இன்டர்னலும் கைகொடுத்தால் கரையேறிவிடலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் எந்தப் பாடத்தை எடுப்பது என்று யோசிப்பார்களாம். எங்களுக்குப் பாடத்தை எடுக்கும் உரிமை இல்லை, விடும் உரிமை இருந்தது. அதை முழுசாகப் பயன்படுத்தினோம்.

நான் விட்டது பகுதி வகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும். பத்தாவது வரை தமிழ் மீடியம். அந்தப் பாடங்களை இங்கிலீஷில் பார்த்ததும் மிரண்டுவிட்டேன். கணக்கு சார் நல்லவர். கடைசி யூனிட் நடத்தும்போது வகுப்பில் பாதிப் பேர் இல்லை. “மேல படிக்கணும்னு நினைக்கிறவன் மட்டுமாவது இத எழுதிக்கங்கடா” என்றார். மேலே படிக்கத்தான் நான் அங்கே வந்ததே. ஆனால் அன்றைக்கு நோட்டு எடுத்து வரவில்லை.

2016இல் டிப்ளமோ முடிந்தது. நல்ல சதவீதம். நேரடி இரண்டாம் ஆண்டு கலந்தாய்வு காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்தது. அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். விடிவதற்கு முன் கிளம்பி நத்தம் வழியாகப் போனோம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரி அப்பா பிரியாணி வாங்கிவந்தார். இந்த ஊரில் ஒரு விஷயம் நல்லபடியாக முடிந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு கிடையாது.

மூன்றாம் செமஸ்டரில்தான் எங்கள் பி.இ. தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு செமஸ்டர்களும் எங்களுக்கு விலக்கு. டிப்ளமோவில் அவற்றைப் படித்துவிட்டோம் என்று கணக்கு. முதல் வாரமே எம்-த்ரீ. ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்.’ மேடம் போர்டில் ஒரு வரி எழுதிவிட்டு, “எம்-ஒன்ல பார்ஷியல் டெரிவேட்டிவ் பாத்திருப்பீங்க, எம்-டூல ஓ.டி.இ. பாத்திருப்பீங்க” என்று தொடங்கினார். முன் பெஞ்சுகள் தலையாட்டின. லேட்டரல் பசங்க நாங்கள் பதினோரு பேர், கடைசி இரண்டு பெஞ்ச். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பழைய வித்தையை எடுத்தோம். எந்த யூனிட்டை விடலாம்? அங்கேதான் இடித்தது. எங்கள் ரெகுலேஷனில் பதினாறு மார்க் கேள்விகள் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ‘அ’ அல்லது ‘ஆ’. ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். சாய்ஸ் உண்டு, விட்டுத்தள்ள இடமில்லை. பாஸ் மார்க் 40 இல்லை, 50.

2016 நவம்பர், ஃபெயில். 2017 ஏப்ரல், ஃபெயில். அடுத்த நவம்பரும் ஃபெயில். தெர்மோடைனமிக்ஸ், மேனுஃபேக்சரிங் எல்லாம் நன்றாக வந்தன. லேப்பில் ரெகுலர் பையன்கள் எங்களைத்தான் கேட்பார்கள். லேத்தில் மூன்று வருஷம் நின்ற கை. அதே கைக்கு எம்-த்ரீ தாளில் முதல் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. அப்பாவிடம் ரிசல்ட் தேதியைத் தள்ளித் தள்ளிச் சொன்னேன்.

தங்கச்சி அப்போது ப்ளஸ் டூ. அவளை அப்பா ஸ்டாப்பிங் இல்லாத பஸ்ஸில் ஏற்றியிருந்தார். 2018 ஏப்ரலில் பொதுத்தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எங்க புக்லயே இருக்கே” என்று அவளுடைய கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்துவந்தாள். தமிழ் மீடியம் அரசுப் பாடநூல். ‘வகைக்கெழுச் சமன்பாடுகள்’ என்று தலைப்பு. நாலு வருஷத்துக்கு முன் விட்ட இடம் அங்கே தமிழில் இருந்தது.

“இதுகூடத் தெரியாமயா இன்ஜினியரிங் போன?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியம். பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன். சாயங்காலம் மொட்டைமாடியில், மலைக்கோட்டைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும்வரை, இருபது நாள் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு கம்பியின் ஒரு முனையைச் சுடவைத்தால் சூடு எப்படிப் பரவும் என்பதுதான் எம்-த்ரீயில் ஒரு முழு யூனிட்டின் பாதி. இதை யோசித்து ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1822இல் ஒரு புத்தகமே போட்டார். வெப்பநிலை இரண்டு விஷயங்களைப் பொறுத்து மாறுகிறது: கம்பியில் எந்த இடம், எந்த நேரம். இரண்டும் ஒரே சமன்பாட்டில் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்தால் இரண்டு சின்னச் சமன்பாடுகள் கிடைக்கும். அந்தச் சின்னவைதான் ப்ளஸ் டூ புத்தகத்தில் இருந்தன. டிப்ளமோ முதல் வருஷத்திலும் இருந்தன. நான் சாய்ஸில் விட்டதும் அவற்றைத்தான்.

தங்கச்சிக்குச் சமன்பாடு தெரியும், கம்பி தெரியாது. எனக்குக் கம்பி தெரியும். ஸ்மித்தி ஷாப்பில் இடுக்கி இல்லாமல் மறுமுனையைப் பிடித்துக் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன். சூடு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது என் விரலுக்குத் தெரியும். அதைச் சொன்னபோது அவள் பேனாவை வைத்துவிட்டு, “அப்ப இந்த எக்ஸ் தான் நீ புடிச்ச எடமா?” என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் இருவருக்கும் அது முழுசாகப் புரிந்தது.

நாலாவது தடவையில் பாஸ். 57.

கணக்கு மட்டும் என்றில்லை. பி.இ. முதல் வருஷத்தில் இரண்டு செமஸ்டர் இங்கிலீஷ் உண்டு. அதுவும் எங்களுக்கு விலக்கு. கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் வைத்தபோதுதான் அந்த விலக்கின் விலை தெரிந்தது. வால்வைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன், அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச முடியாமல் வெளியே வந்தேன். டிப்ளமோவில் இங்கிலீஷ் பாடத்துக்கு நான் படித்தது ஒரு செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனும் இரண்டு லெட்டரும்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு ரூட் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த ஃபீஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு வருஷம் எழுத்துப் பயிற்சி, கணக்கு, வரலாறு, அறிவியல் என்று பொதுப் பாடங்களை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் சேர்கிறார்கள். கலிபோர்னியா 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டம் இந்த வழிக்கு முறையான இடம் கொடுத்தது. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பட்டியல் உண்டு. மாணவர்களின் பெரிய கவலை, எடுத்த பாடம் போகிற இடத்தில் கணக்கில் சேருமா என்பதுதான். எங்கள் நிலைமை தலைகீழ். எங்களுக்கு எல்லாமே கணக்கில் சேர்ந்துவிட்டது. முதல் வருஷம் முழுவதும் படித்ததாகக் காகிதம் சொன்னது. காகிதம் காரைக்குடி தாண்டிப் போய்விட்டது, படிப்பு திண்டுக்கல்லிலேயே நின்றுவிட்டது.

தப்பு அந்த ரூட்டில் இல்லை. மில் தொழிலாளி வீட்டுப் பையன் இன்ஜினியர் ஆக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இப்போது சில கல்லூரிகளில் லேட்டரல் பிள்ளைகளுக்குத் தனியாக பிரிட்ஜ் கோர்ஸ் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மூன்று வருஷம் விட்டதை மூன்று வாரத்தில் கட்ட முடியாது. எனக்குத் தங்கச்சி இருந்தாள், புத்தகம் இருந்தது, தப்பித்தேன்.

பதினோரு பேரில் ஒருவன் தப்பிக்கவில்லை. என் பெஞ்ச். டிராயிங்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். மற்ற எல்லாப் பேப்பரும் கிளியர், எம்-த்ரீ மட்டும் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிப்ளமோ சர்ட்டிஃபிகேட் காட்டித்தான் வேலை பார்க்கிறான். பக்கத்து சீட்டில் பி.இ. முடித்தவன் அவனிடம் வேலை கற்றுக்கொண்டு அவனுக்கு மேலே போகிறான். அரியருக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் ஃபீஸ் கட்டுவான். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கு போன் பண்ணி, “எந்த யூனிட்டுடா ஈஸி?” என்பான்.

போன மாதம் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை கேள்வி வேறு. “அந்தப் பச்சப் புள்ளைங்க புக்குன்னு சொன்னியே, அது இருக்கா?”

தங்கச்சி அந்தப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறாள். அட்டை போய்விட்டது. ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன், பகுதி வகையிடலில் இருந்து. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கணக்கைப் போட்டு அனுப்பினான். மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் விட்டிருந்தான். சொன்னேன். திருத்தி அனுப்பினான்.

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.