எத்தனை மடங்கு என்று கேட்காதீங்க

டெலஸ்கோப் வாங்க யோசனை கேட்கிற எல்லாருமே முதல்ல "எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?"னுதான் கேட்கிறாங்க. கண்ணாடி எத்தனை இன்ச்னு கேளுங்க. காவலூர் வைணு பாப்பு டெலஸ்கோப்பையே 2.34 மீட்டர்னு கண்ணாடி அகலத்தை வெச்சுத்தான் சொல்றாங்க. 3 இன்ச் குழாய்ல 675 மடங்குன்னு அச்சடிச்சிருந்தா நம்பாதீங்க. 150 தாண்டினாலே கலங்கிடும்.

பாண்டிச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் கடல்காத்துக்கு முக்காலி நடுங்கும். தரையிலேயே உட்கார்ற 6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் நல்லது. பாண்டிச்சேரி வெளிச்சம் தெற்கு வானத்தைக் கெடுத்தாலும், மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கொத்து 30 டிகிரி உயரத்துல நிக்கும். 100 மடங்கு வெச்சா உப்பு சிந்தின மாதிரி ஓரமெல்லாம் பொடிப்பொடியா நட்சத்திரம். லண்டன்காரனுக்கு அது அடிவானத்துக்கு மேல வரவே வராது!

கண்ணாடியில பனி இறங்கினா தானா காயட்டும், அப்புறம் மூடுங்க. துண்டால துடைச்சா மணல் கீறிடும்.