பேர் கொடுத்தாயா?

ஆகஸ்டு மாதம் வந்தால் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் பலர் துணிமூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நீண்ட விடுமுறை. என் அண்ணன் மகள் மட்டும் வரவில்லை. அவள் படிப்பது கம்பாரில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில். அங்கே ஆண்டுக்கு மூன்று தவணைகள். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது அவர்களுக்கு வகுப்பு மும்முரமாக நடக்கும். "பிள்ளை இளைச்சிப் போயிருப்பாள், போய்ப் பார்த்துட்டு வா" என்று அண்ணி ஊறுகாய் பாட்டிலையும் முறுக்கு டின்னையும் என் கையில் கொடுத்துவிட்டார். நானும் கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினேன்.

பேரா மாநிலத்துக்குள் நுழைந்ததும் முதலில் வருவது தஞ்சோங் மாலிம். 1922-இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரிதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழ் ஆசிரியராகப் போகிறவர்களும் இன்று அங்கே படிக்கிறார்கள். ரயில் நின்றபோது மேடையில் பெட்டிகளோடு நாலைந்து இளைஞர்கள். விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களாக இருக்கும். அதற்கப்புறம் சன்னலுக்கு வெளியே செம்பனை, செம்பனை, செம்பனை. என் சின்ன வயதில் இதே பாதையில் பால்மரங்கள் வரிசை பிடித்து ஓடிவரும்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கம்பார். ஈயத்தால் வளர்ந்து, ஈயம் விலை சரிந்ததும் தளர்ந்து போன ஊர் இது. 2007-இல் பல்கலைக்கழக வளாகம் திறந்த பிறகு மறுபடியும் உயிர் வந்தது. மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த பள்ளங்கள் இன்று வளாகத்தைச் சுற்றி ஏரிகளாகிக் கிடக்கின்றன. பின்னால் தித்திவாங்சா மலைத்தொடர். பார்க்க அழகுதான்.

பிள்ளை இளைக்கவில்லை. முறுக்கு டின்னை வாங்கிக்கொண்டு, "சித்தப்பா, வாங்க, சுத்திக் காட்டுறேன்" என்று முன்னால் நடந்தாள். ஒரு நடைபாதையில் அறிவிப்புப் பலகை. எனக்கு அதைக் கடந்து போக மனம் வரவில்லை. பாடப் பதிவுக்குக் கடைசி நாள், இரத்த தானம், பூப்பந்துப் போட்டி, கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகைக்குப் பயணம், பழைய புத்தக விற்பனை, வாடகைக்கு அறை, கூட்டாகக் கார் போக ஆள் தேவை. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதக் கோடு போட்ட தாள்.

ஓரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று மாணவர்களே ஒட்டியிருந்தார்கள். பத்துக் கோடுகளில் மூன்றில்தான் பெயர் இருந்தது.

"நீ பேர் கொடுத்தாயா?" என்றேன்.

"இல்ல சித்தப்பா. எனக்குத் தமிழ் எழுதுனா பிழை வரும். சின்னப் பிள்ளைங்க சிரிச்சா வெக்கமா இருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தோழியின் காரில் மூவரும் வடக்கே கிளம்பினோம். நான் பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

கோப்பெங் தாண்டி உள்ளே போனால் தோட்டம் இருந்த இடம் வரும். இருந்த இடம் என்றுதான் சொல்ல வேண்டும். லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, கள்ளுக்கடை இல்லை. முழுக்கச் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. பெரட்டுக் களம் எந்த இடம் என்று மரங்களுக்கு நடுவில் நின்று குத்துமதிப்பாகக் காட்டினேன்.

"பெரட்டுன்னா என்ன சித்தப்பா?"

விடியுமுன் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுவார். இன்றைக்கு யாருக்கு எந்த நிரை, யார் புல் வெட்டு, யார் மருந்து தெளிப்பு என்று அறிவிப்பு வரும். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. தாமதமாக வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். உன் பாட்டி வாழ்நாளில் கேட்ட அறிவிப்பெல்லாம் அந்த ஒன்றுதான் என்றேன். அதில் "விருப்பம் உள்ளவர்கள்" என்ற சொல் கிடையாது.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி அழைப்பு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலம் அது. நம் ஜனங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். இதே பேராவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போனார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாள் முழுக்கப் பால் வெட்டியவர்களுக்குப் பத்து வெள்ளி லேசான காசு அல்ல. ஆனாலும் பல்லாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். கைநாட்டு வைத்தவர்களும் அதில் உண்டு. எழுதினால் பிழை வருமே என்று அவர்கள் ஒதுங்கி நின்றிருந்தால், தொழிலாளர் சொந்தத்தில் தோட்டமே இருந்திருக்காது.

அங்கிருந்து பத்து காஜா சாலையில் கெல்லிஸ் கோட்டை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், தம் கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தில் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. வேலைக்கு மதராஸ் பக்கமிருந்து ஆட்களை வரவழைத்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. கட்டுமானத்தின்போது விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தார்கள் என்றும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் அருகில் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கோயிலின் மேல் சாமி சிலைகளோடு துரையின் சிலையும் நிற்கிறது.

கோட்டையில் இருந்த விளக்கப் பலகையை அண்ணன் மகள் முழுக்கப் படித்தாள். பிறகு கேட்டாள்: "கட்டுனவங்க பேர் ஒண்ணுகூட இல்லையே?"

இல்லை. பெரட்டில் தினமும் கூப்பிட்ட பெயர்கள்தான். செக்ரோலில் எழுதிய பெயர்கள்தான். தோட்டம் கைமாறியபோது அந்தத் தாளும் போய்விட்டது.

பேராவில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள். பல, தோட்டப் பிள்ளைகளுக்காகத் தோட்டத்திலேயே எழுந்தவை. தோட்ட மக்கள் டவுனுக்கும் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. சிலவற்றில் மாணவர் எண்ணிக்கையை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே மாநிலத்தில், கார் போகும் தூரத்தில், அந்தத் தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாலம் சில சமயம் ஓர் அறிவிப்புத் தாள்தான். அதில் காலியாக இருக்கும் ஏழு கோடுகள்தான் எனக்குக் கவலை.

நம்மில் பலர் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது, "படிப்பை மட்டும் பார், வேற எதிலும் பேர் கொடுக்காதே" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். நானும் என் பிள்ளைகளிடம் சொன்னவன்தான். பெரட்டில் நின்ற பயம் அது. அழைப்பு என்றாலே கட்டளை, பெயர் எழுதினாலே வில்லங்கம் என்று நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் வளாகத்தில் இருக்கும் பலகை யாரையும் அதட்டுவதில்லை. வருகிறாயா என்று கேட்கிறது. கேட்பதற்குப் பதில் சொல்லப் பிள்ளைகளுக்கு நாம்தான் தைரியம் கொடுக்க வேண்டும். விடுமுறையிலோ நடுத்தவணையிலோ பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், சாப்பாட்டுக் கடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அறிவிப்புப் பலகை முன்னால் ஐந்து நிமிடம் பிள்ளையோடு நில்லுங்கள்.

மாலையில் என்னை ஈப்போ ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். 1917-இல் கட்டி முடித்த வெள்ளை மாளிகை. எத்தனை தடவை பார்த்தாலும் அழகு குறையாது. எதிரே ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம். வெள்ளைக் காப்பி ஒன்று குடித்துவிட்டு, புந்தோங் கச்சான் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

தாப்பா ரோடு தாண்டும்போது கைப்பேசியில் செய்தி வந்தது.

"பேர் குடுத்துட்டேன் சித்தப்பா. நாலாவது கோடு. பிழை வந்தா பிள்ளைங்களே திருத்தட்டும். சனிக்கிழமை பெட்ரோலுக்கு மட்டும் அப்பாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க."