காரணம் என்னும் கட்டம்



சென்னைப் பெரியமேட்டில் தோல் பொருள் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பணிகளை நாங்கள் மூவர் கவனித்து வருகிறோம். தொழிற்கூடம் இராணிப்பேட்டையில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் இணைப்பது ‘மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்’. சரக்கு கிளம்பிய நேரம், இருப்பு, விடுப்பு என எல்லாம் அதில்தான் பேசப்படும். பணியாளர்கள் வாங்கும் முன்பணத்தின் கணக்கு மட்டும் சிவப்பு அட்டை போட்ட பழைய பேரேட்டில் இருந்தது. மூத்த கணக்கர் பாய் அதைத் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார்.

அதையும் டீம்ஸுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் எண்ணியது தவறான நோக்கத்தால் அன்று. ஒருவரின் சம்பளத்தில் ஒரே தவணை இரண்டு முறை பிடிக்கப்பட்டது. இன்னொருவர் செலுத்திய தவணை பதியப்படவே இல்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது அல்லவா? சிறிதாயினும் பெரிதாயினும் தவணையுடன் எழுதச் சலிப்படையாதீர்கள் என்று பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அந்த வசனத்தை முதலாளியிடம் எடுத்துச் சொல்லித்தான் அனுமதி பெற்றோம்.

‘பவர் ஆப்ஸ்’ கொண்டு ஒரு சிறு செயலி செய்தோம். தொகை, எத்தனை மாதத் தவணை, காரணம் என மூன்று கட்டங்கள். மூன்றையும் நிரப்பாமல் அனுப்ப இயலாது. விண்ணப்பம் ‘ஷேர்பாயிண்ட்’ பட்டியலில் பதிவாகும். ‘பவர் ஆட்டோமேட்’ வழியே ஒப்புதலுக்குச் செல்லும். டீம்ஸின் பக்கப் பட்டையில் அது தனிச் செயலியாகத் தோன்ற ஒரு ஜிப் கோப்பு தயாரிக்க வேண்டும். அதனுள் செயலியின் விவரக் கோப்பும் இரண்டு சின்னங்களும் இருக்கும். ஒன்று 192 பிக்சல், மற்றொன்று 32 பிக்சல். அந்தச் சின்னம் பச்சையா நீலமா என்று மூன்று நாள் வாதிட்டோம். யார் எதைப் பார்க்கலாம் என்ற அமைப்புக்கு அரை மணி நேரமும் ஒதுக்கவில்லை.

சோதனை செய்த நாட்களில், விண்ணப்பம் வந்ததும் அதன் முழு விவரமும் சேனலில் செய்தியாக விழும்படி வைத்திருந்தோம். அப்போது அந்தச் சேனலில் இருந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே. வெளியீட்டு நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை அதே குழுவில் சேர்த்தோம். அந்தச் செய்தியை நிறுத்த மறந்தோம்.

முதல் விண்ணப்பம் கிடங்கில் பணிபுரியும் ஒரு சகோதரருடையது. எங்கள் தந்தையின் வயதுடையவர். அவர் பெயர், தொகை, அதற்குக் கீழே அவர் தம் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரிகள், இவை யாவும் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒலித்து வந்தன. அந்த இரண்டு வரிகளை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பரப்பியதே போதும். லுஹர் தொழுகை முடிந்து திரும்பியபோதுதான் கண்டோம்; உடனே நீக்கினோம். ஆனால் கண்கள் படித்ததை எப்படி நீக்குவது?

யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அது நம் மக்களின் நற்குணம். மறுநாள் அவர் தம் விண்ணப்பத்தைத் தாமே அழித்திருந்தார். நாங்களோ, தேவை தீர்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, உள்ளூர நிம்மதியும் அடைந்தோம்.

இரண்டு வாரம் கழித்து உண்மை தெரிந்தது. மனைவியின் வளையல்களை ஓர் அடகுக்கடையில் வட்டிக்கு வைத்துப் பணம் புரட்டியிருக்கிறார். வாழ்நாள் முழுதும் வட்டியின் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். அன்று இரவு எங்களுள் ஒருவர் குர்ஆன் மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தார். நாங்கள் முதலாளியிடம் எடுத்துக்காட்டிய வசனத்திற்கு ஒன்பது வசனங்கள் முன்னால், வற்புறுத்திக் கேட்காத ஏழைகள் வருகிறார்கள். அவர்களின் தன்மானத்தைக் கண்டு அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிவிடுவார் என்கிறது 273ஆம் வசனம். அதற்கும் 282க்கும் இடையில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை வட்டியைப் பற்றிய வசனங்கள். நாங்கள் நடுவில் இருந்த அனைத்தையும் தாண்டி நேராக எழுதுகோலுக்கு வந்திருந்தோம்.

மூவரும் இராணிப்பேட்டைக்குச் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “எல்லாரும் பார்த்தது அப்புறம், தம்பி. அந்தக் ‘காரணம்’ கட்டத்துல என்ன எழுதறதுன்னு ஒரு நாள் முழுக்க உக்காந்து யோசிச்சேன். கணக்கர் பாய் ஒரு நாளும் என்னை அதைக் கேட்டதில்லை” என்றார். வட்டியோடு கடனை அடைத்து வளையல்களை மீட்டுத்தர நிறுவனம் முன்வந்தது. இரண்டு நாள் மறுத்தார்; பிறகு, கணக்கர் பாய் தனியே பேசியதும் ஏற்றுக்கொண்டார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதன்பின் செயலியைப் பிரித்து மீண்டும் பார்த்தோம். இன்னொரு குறையும் வெளிப்பட்டது. பிறருடைய விண்ணப்பங்கள் திரையில் தோன்றாதபடிதான் வடிகட்டியிருந்தோம். பின்னால் இருந்த பட்டியலை நேரே திறந்தால் குழுவில் உள்ள எவரும் அனைத்தையும் படிக்கலாம். திரைச்சீலையைத் தொங்கவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பானது அது. இதுபோன்ற செயலிகளைத் தங்கள் அலுவலகத்தில் செய்யும் சகோதரர்கள் இந்த ஓர் இடத்தையாவது இன்றே சரிபார்க்க வேண்டுகிறோம். பட்டியலை வேறு தளத்துக்கு மாற்றினோம்; குழு உறுப்பினர்களுக்கு இருந்த உரிமைகளைக் குறைத்தோம்; அவரவர் இட்ட பதிவை மட்டும் அவரவர் காணும்படி அமைத்தோம். ஒப்புதல் கோரிக்கை இப்போது ஒருவருக்கு மட்டுமே செல்கிறது.

காரணம் என்னும் கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ‘நேரில் பேச வேண்டும்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தொகையும் தவணையும் செயலியில் பிழையின்றிப் பதிவாகின்றன. இரட்டைப் பிடித்தம் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் பெரும்பாலானோர் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். கணக்கர் பாயின் கைப்பேசி ஒலிக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்களை அழைத்துப் பேசுகிறார்.