ஆறு செல்லும் வழி

லடாக்கின் எல்லையில், ஷியோக் ஆற்றங்கரையில் அமைந்த துர்துக் கிராமத்தை நாம் அடைந்தபோது, கூரைகளில் அப்ரிக்கொட் பழங்கள் உலர்ந்துகொண்டிருந்தன. அங்கு வாழ்வோர் பால்ட்டி மொழி பேசும் முஸ்லிம்கள். 1971 டிசம்பர்ப் போரில் அவ்வூர் பாகிஸ்தானிடமிருந்து இந்தியாவிடம் கைமாறிற்று. அன்று வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் சென்றிருந்தோர் பலர், புதிய எல்லைக்கு அப்பாலேயே தங்கிவிட நேர்ந்தது.

2010இல் உல்லாசப் பயணிகளுக்கு அவ்வூர் திறந்துவிடப்பட்டது. கடல் கடந்து வந்த எமக்கு ஓர் அனுமதிச் சீட்டே போதுமாயிருந்தது. எமக்குத் தேநீர் தந்த மூதாட்டியோ, மலைக்கு அப்பால் வாழும் தம் தமையனை அப்போருக்குப்பின் கண்டதேயில்லை. பாகிஸ்தானை நோக்கி ஓடும் ஆற்றைச் சுட்டி, “இது போகிறது, நாங்கள் போக முடியாது” என வழிகாட்டியின் வாயிலாகச் சொன்னார்.

அந்நியருக்குத் திறந்த பாதை உடன்பிறந்தோருக்கும் திறக்கும்வரை, இம்மலைகளின் எழிலை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்க எமக்கு நாக்கூசுகிறது.