இறங்காமல் போன இடம்

2025 ஜனவரியில் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற ஜப்பானிய அசைபடம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தபோது, பாம்பனை விட்டுப் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்துவிட்ட நாங்கள், அண்ணனும் தம்பியும், சேர்ந்து போய்ப் பார்த்தோம். புதிய படமல்ல. 2000களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானபோது பெரியப்பா வீட்டு முன்னறையில் தரையில் அமர்ந்து பார்த்த அதே படம்தான்.

யூகோ சாகோ 1983இல் அலகாபாத்துக்கு அருகே நடந்த அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர். வந்த இடத்தில் ராமகதை அவரைப் பிடித்துக்கொண்டது. இந்திய அசைபடத்தின் முன்னோடியான ராம் மோகனும் கோயிச்சி சசாகியும் உடன் சேர்ந்து இயக்க, ஏறத்தாழ ஒரு லட்சம் படங்கள் கையால் வரையப்பட்டன. 1993இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இசை வன்ராஜ் பாட்டியா.

படத்தின் அழகு அதன் தெளிவில் இருக்கிறது. ராமனின் முகம் மிகச் சில கோடுகளால் ஆனது. ஒளி அதன்மேல் தங்குதடையின்றி விழுகிறது. காடும் கடலும் நீர்வண்ண ஓவியங்களைப்போலப் பின்னால் விரிகின்றன. நிழல்களையெல்லாம் இராவணனுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பெரும்பாலும் ஒற்றைத் தலையோடு, கனத்த தாடையும் இறுகிய பார்வையுமாக வரும் அவன், நாலணாக் காலண்டர் அரக்கனைவிட அச்சம் தருகிறான். மனிதனைப்போல இருப்பதுதான் அந்த அச்சத்தின் காரணம். ஆனாலும் இருட்டு யாரிடம் இருக்கிறது என்பதில் படத்துக்கு ஒரு கணமும் ஐயமில்லை. நாயகன்மேல் ஒரு கறைகூட விழாத ஓவியமுறை அது.

அன்று படம் முடிந்ததும் பெரியப்பா கேட்டது எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது. "ஏண்டா, பாலம் கட்டுனதெல்லாம் சரி. திரும்பி வாறப்ப நம்மூருல எறங்கவே இல்லையே?"

நாங்கள் சிரித்தோம். ஊர்ப் பெருமையில் கேட்கிறார் என்று நினைத்தோம்.

அவர் கேட்டது தலபுராணத்தை. வால்மீகியில் இவ்வடிவில் இல்லாத அந்தக் கதையை எங்கள் தீவில் அறியாதவர் இல்லை. இராவணன் விசிரவசின் மகன், புலத்தியரின் பேரன், அந்தணன். அவனைக் கொன்றதால் ராமனைப் பிரம்மஹத்தி பற்றுகிறது. லிங்கம் கொண்டுவரக் கைலாசம் போன அனுமன் வரத் தாமதமாக, சீதை மணலைப் பிடித்து லிங்கமாக்குகிறாள். கொன்றவன் அதன்முன் நின்று வணங்குகிறான். பின்னால் அனுமன் கொண்டுவந்த லிங்கத்துக்கே இன்றும் முதல் பூசை. அந்த நீண்ட பிரகாரங்களும் கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஒரு கொலையின் தொடர்ச்சியாக எழுந்தவை என்பதே எங்கள் ஊரின் நம்பிக்கை. நியாயமான கொலை, கொல்லப்பட்டவன் பிறன்மனை கவர்ந்தவன். இருந்தும் கழுவ வேண்டியிருந்தது.

புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதி இராவணனைத் தலைவனாக்கினார். 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூல் 1971இல்தான் விடுபட்டது. அந்த மறுப்புக்கான வரலாற்றுத் தேவையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கும் இருட்டு இடம் மாறியதே தவிர, ஒரே மனிதனுக்குள் ஒளியோடு சேர்ந்து இருக்க அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அப்படியோர் இடத்தை நாங்கள் கண்டது வேறொரு ஜப்பானியத் தொடரில். தங்கை மகன் வற்புறுத்திப் பார்க்கவைத்த 'டெத் நோட்', சித்திரக்கதையிலிருந்து டெட்சுரோ அராக்கியின் இயக்கத்தில் 2006–07இல் 37 பகுதிகளாக வந்தது. பெயரை எழுதினால் அந்த ஆள் சாகும் நோட்டு ஒன்று லைட் என்ற நன்றாகப் படிக்கும் மாணவனிடம் கிடைக்கிறது. குற்றவாளிகளை எழுதத் தொடங்கி, தன்னைத் தேடும் போலீஸாரையும் எழுதுகிறான். பேனா நகர்வதை வாள்வீச்சுபோலக் காட்டுகிறார் அராக்கி. லைட் மனத்துக்குள் பேசும்போது திரை சிவக்கிறது. அவனைத் துரத்தும் எல் சிந்திக்கும்போது நீலமாகிறது. கொலை செய்பவனின் பரபரப்பை நம் பரபரப்பாக மாற்றிவிடும் பாணி. அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நாங்களும் பதறினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கடைசிவரை அவன் வருந்தவில்லை. நியாயத்துக்காகச் செய்தேன் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை. அவர் விசைப்படகு டிரைவர். எங்கள் கடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தின் நாட்கள் பிரித்துவிடப்பட்டிருந்தன. நாங்கள் பிறப்பதற்கு முன் ஒருமுறை மீன்பாடு நன்றாக இருந்ததால் அவர் நேரம் கடந்தும் கடலிலேயே நின்றுவிட்டார். நாட்டுப்படகுக்காரர்களின் முறை தொடங்கியிருந்த இருட்டில், விளக்கில்லாமல் கிடந்த ஒரு வத்தையின்மேல் படகு ஏறிவிட்டது. அதிலிருந்த இருவரில் ஒருவர் கரை திரும்பவில்லை. விளக்கு வைக்காதது வத்தைக்காரர் பிழை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். பெரியப்பாமேல் குற்றமில்லை என்றானது.

இதெல்லாம் அவர் இறந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை, அமாவாசை தவறாமல் அவர் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகிவருவது தாத்தாவுக்காக என்றே நினைத்திருந்தோம். திரும்பும் வழியில் அக்காமடத்தில் ஒரு வீட்டு வாசலில் அரிசிப்பையை வைத்துவிட்டு வருவாராம். அந்த வீட்டார் எடுத்துக்கொண்ட மாதங்களும் உண்டு, பை அப்படியே கிடந்த மாதங்களும் உண்டு. அவர் நிறுத்தவில்லை.

தீர்த்தம் பாவத்தைக் கரைக்கும் என்று எங்களால் நம்ப முடிவதில்லை. அவரும் அப்படி நம்பியிருந்தால் ஒருமுறை முழுகியதோடு நின்றிருப்பார்.

சென்னைத் திரையரங்கில் போர் முடிந்து ராமன் அயோத்திக்குத் திரும்பியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் மெதுவாக, "எறங்கலடா" என்றார்.