அப்பா சொன்ன பி.காம்.

1994-ல் கோவில்பட்டியில் ரயிலேறினேன். பரதநாட்டியம் கற்க! ஊரில் யார் கேட்டாலும், "பய மெட்ராஸ்ல பி.காம். படிக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார் அப்பா. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவேன். போஸ்ட்மேன் படித்துவிடுவாரோ என்று, நாட்டியம் பற்றி ஒரு வரி இருக்காது.

ஜாகை திருவல்லிக்கேணி மேன்ஷன். வகுப்பு திருவான்மியூர். போனதுமே சலங்கை கட்டி ஆடலாம் என்று நினைத்தால், மாசக்கணக்கில் அரைமண்டிதான். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் மடங்கி, முதுகு நிமிர்ந்து, 'தையா தை' என்று தரையைத் தட்டணும். அடுத்த காலத்தில் வேகம் இரட்டிப்பு. அதற்கடுத்து இன்னும் இரட்டிப்பு. பஸ் படி ஏறுவதற்குள் உயிர் போய்விடும்!

விடிகாலையில் அறையில் தட்டினால் கீழ் அறை பேங்க் கிளார்க் சும்மா இருப்பாரா? "தம்பி, மேல என்ன... மாவு இடிக்கிறியா?" மொட்டை மாடிக்கு மாறினேன்.

ஒருநாள் ஆடிக்கொண்டே திரும்பினால், தண்ணித் தொட்டி ஓரமாக அப்பா! கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். எவ்வளவு நேரமாக நின்றாரோ! திட்டப் போகிறார் என்று நடுங்கினேன். அவர் குனிந்து, வெடித்துக் கிடந்த என் குதிகாலைத்தான் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலமே ரயிலேறிவிட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். டீக்கடையில் ஒருவர், "என்னப்பா, பி.காம். எப்ப முடியுது?" என்றார். நான் திருதிருவென விழிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்:

"பி.காமா? அதெல்லாம் லேசு வே! இவன் டான்ஸ் படிக்கான்!"