சங்கராபரணிக் கரையில் ஒரு மனு

ஊர்ப் பெயரைச் சொன்னதுமே என் சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். காட்டேரி இருக்கிற ஊருக்கு வரமாட்டாளாம்! "காட்டு ஏரின்னு பிரிச்சுப் படிடி கண்ணு" என்று அவள் அத்தை போனில் சமாதானம் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினாள்.

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட காட்டேரிக்குப்பம், புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தது. அருகிலேயே சங்கராபரணி ஆறு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் கொஞ்சம் தங்கி, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாகக் கடலுக்குப் போகிறது. சுத்துக்கேணியில் பிரிகிற வாய்க்கால்தான் ஊசுட்டேரியை நிரப்புகிறது. 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அங்கே கொக்குக்கும் பஞ்சம்தான்.

தை மாதம் போனோம். முழங்கால் அளவு தண்ணீர், தெளிவு என்றால் அப்படியொரு தெளிவு! குழந்தைகள் ஓடப் பார்த்தார்கள். "அண்ணி, பிடிங்க!" என்று கத்தினாள் நாத்தனார். மணல் எடுத்த பள்ளம் மேலே தெரியாதாம். தோழியரே, எந்த ஆற்றுக்குப் போனாலும் உள்ளூர்ப் பெண்கள் காட்டுகிற இடத்தில் மட்டும் குழந்தைகளை இறக்குங்கள்.

இதே ஆறுதான் 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலில் கரை மீறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. "அணை திறக்கிற சேதி முன்னாடியே தெரிஞ்சா மாட்டையாவது மேட்டுல கட்டலாம்" என்றாள் நாத்தனார்.

சரி, இதையெல்லாம் யாரிடம் சொல்வது? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் பல வருஷம் வார்டு மெம்பர் என்று கதவைத் தட்ட ஆளே இல்லை.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் புதுச்சேரி ஏரிகளைச் சீரமைத்தபோது ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். நாத்தனாரின் மாமியார் ஒரு கூட்டத்துக்குப் போனாராம். ஆண்கள் மதகு, கலிங்கல் என்றே பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்து, "மாடு குளிப்பாட்டற தண்ணியிலதான் நாங்க துணி அலசணுமா?" என்று கேட்டாராம். கேட்டபடி துணித் துறை மேல்பக்கம் மாறியது. அந்தப் பேச்சை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். (எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. அதுவரை எவருக்கும் தோன்றவில்லையே!)

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியவனின் நோட்டிலிருந்து தாள் கிழித்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு மனு எழுதினோம். மணல் பள்ளங்களை மூட வேண்டும். குளிக்கும் துறைக்குப் படி வேண்டும். அணை திறக்குமுன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்.

காலையில் தெருவில் கையெழுத்து வாங்கப் போனோம். மூன்றாம் வீட்டுப் பாட்டி பேனாவைத் தொடவே இல்லை. "கரையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்குதே, அதை எழுதினியா? எழுதிக்கிட்டு வா, அப்புறம் போடறேன்."

திண்ணையிலேயே உட்கார்ந்து நாலாவதாக அதையும் எழுதினோம்.